ஈயம் அடுக்கிய அறை

1

இந்தக் கதை ஒரு கதவால் வந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

மெர்வின் வீட்டுத் தையல் அறையில் ஒரு சுவர் முழுக்க ஈயம் இருந்தது. அதை அவனும் நானும் சேர்ந்து வெளியே தூக்கிய மறுநாள், அந்த அறைக் கதவு மூட மறுத்தது. வருஷக்கணக்கில் ஒழுங்காக மூடிய கதவு. பாரத்தில் தரை இறங்க இறங்க நிலைச்சட்டம் சாய்ந்திருக்கிறது. சாயச் சாய இவனும் கதவின் மேல்முனையை இழைப்புளியால் சீவிச் சீவிச் சரிசெய்துகொண்டே வந்திருக்கிறான். பாரம் போனதும் சட்டம் நிமிர்ந்துவிட்டது. கதவு மட்டும் கோணலாகவே நின்றது.

ஒரு வீடு ஈயத்துக்குப் பழகிப்போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மெர்வின் என்பது அவன் உண்மைப் பெயர் இல்லை. அவனிடமே கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா என் பேரு வந்துச்சு, உன் பல்செட்டைக் கழட்டி ஆத்துல வீசிருவேன்."

"உன் பேரைப் போட்டா எவன் படிப்பான்? நான் நல்ல பேரா வச்சிருக்கேன்."

"என்ன பேரு?"

"மெர்வின்."

"டேய், அது என் மாமனார் வளத்த கோவேறு கழுதை பேரு!"

"அதான் பொருத்தமா இருக்கு."

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவன் 'என் நண்பன்' என்று சொன்னால் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி எழுதுகிற ரகம் இல்லை. என் ஈயம் என் களஞ்சியத்தில் இருக்கிறது, மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில். எனக்குப் பேத்தியும் கிடையாது.

2

ஆரம்பத்துக்கு மூன்று தடவை முயன்றேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன், நான் எதையும் ஒளிக்கவில்லை என்று தெரியட்டும்.

முதலாவது: *அந்த அறையில் ஈயம் உறங்கிக்கொண்டிருந்தது, ஒரு பெரிய சாம்பல் நிற மிருகத்தைப்போல, தன்னை எழுப்பப்போகிற*

நிறுத்திவிட்டேன். ஈயம் உறங்காது. மிருகமும் இல்லை. வைத்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: *பனி விழுந்த ஒரு காலையில், ஐடஹோ மலைகளுக்கு நடுவே ஆற்றின் மேல் மூடுபனி*

மலையும் ஆறும் அங்கேயேதான் இருக்கின்றன, நான் சொல்லி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. (என்னைப் பள்ளிக்கூடம் எட்டாவதில் விட்டது, அல்லது நான் அதை விட்டேன். ஆனாலும் எது அலங்காரம், எது சாமான் என்று தெரியும்.)

மூன்றாவது: *மெர்வினுக்குப் பேத்தி பிறந்த அன்று அவன் குண்டு வார்த்துக்கொண்டிருந்தான்.*

இது உண்மை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே குழந்தையைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டால், அதற்கப்புறம் மெர்வின் சொல்கிற எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை முதலில் கேளுங்கள்.

ஆகவே அவன் ஈயத்தை எப்படி அடுக்கினான் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இது தெரியாமல் பிறகு நடந்தது பிடிபடாது.

3

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்வார்கள். அதற்கு ஈயம் சேர்ப்பார்கள். ஈயம் என்றால் எல்லாம் ஒன்றில்லை. பழைய தண்ணீர்க் குழாயிலும் கூரைத் தகட்டிலும் கிடைப்பது மெத்து. நகம் வைத்தால் பதியும். டயர் கடையில் சக்கரத்தில் அடிக்கிற எடைக் கட்டி நடுத்தரம். அச்சகம் மூடும்போது கிடைக்கும் எழுத்து ஈயம் நல்ல கெட்டி. சிமெண்டுத் தரையில் போட்டால் மணிபோலக் கேட்கும்.*

முன்வாயில் மருந்து கெட்டிக்கிற பழைய ரகத் துப்பாக்கிக்கு மெத்து ஈயம்தான் ஆகும். அதையே வேகமாகச் சுடும் ரைபிளில் போட்டால் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். ஒன்று இன்னொன்றோடு கலந்துவிட்டால் சேர்த்த அத்தனையும் எதற்கும் உதவாத சாம்பல் நிறக் குவியல்தான்.

எல்லாரும் கட்டியின் மேல் எழுதிவைப்பார்கள். எழுத்து அழிந்துபோகும். மெர்வின் எழுதுவதை நம்பவில்லை, வடிவத்தை நம்பினான். மெத்து ஈயத்தைக் கப்கேக் சுடும் தட்டில் ஊற்றினான்: உருண்டைக் கட்டி. நடுத்தரத்தைச் சின்ன ரொட்டி அச்சில்: செங்கல் மாதிரி. எழுத்து ஈயத்தைச் சோள ரொட்டி சுடுகிற இரும்பு அச்சில். அந்த அச்சு மக்காச்சோளக் கதிரைப்போலவே இருக்கும், முத்து முத்தாக. ஆக, சுவரின் இடதுபக்கம் கேக், நடுவில் ரொட்டி, வலதுபக்கம் சோளக்கதிர். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்து எடுக்கலாம்.

அந்த மூன்று அச்சும் ஒருகாலத்தில் அவன் மனைவி நெடாவின் சமையலறையில் இருந்தவை.

"எனக்குச் சோள ரொட்டி சுட அச்சு இல்ல. இவனுக்கு ஈயம் சுட இருக்கு," என்று யார் வந்தாலும் சொல்லுவாள்.

"கடையில புதுசு வாங்கிக் குடுத்தேன்ல?"

"அதுல ஒட்டிக்குது. பழசுல ஒட்டாது."

"அதான் நானும் பழசை எடுத்தேன்."

(\* சத்தத்தை நம்பாதவர்கள் ஓவியர் பென்சிலால் கீறிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் கீறுகிறதோ அதை வைத்துக் கெட்டித்தனம் தெரியும். மெர்வின் நகத்தால் பார்ப்பான். அவன் நகத்தைப் பார்த்தால் பென்சிலே தேவலை என்று தோன்றும்.)

4

இந்த இடத்தில் எனக்கே மெர்வின் மேல் சந்தேகம் வந்தது. படிக்கிறவன் கேட்பானே: இத்தனை ஈயத்தை எவனாவது வீட்டுக்குள், அதுவும் தையல் அறையில் வைப்பானா? கொட்டகை இல்லையா?

கொட்டகை இருக்கிறது. அதன் பூட்டை ஒருமுறை உடைத்திருக்கிறார்கள். ஆனால் அது அவன் வெளியே சொல்கிற காரணம். உண்மைக் காரணம் ஈரம்.

உருகின ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் போதும். தண்ணீர் நொடியில் ஆவியாகி, சட்டியில் இருக்கும் ஈயம் அத்தனையையும் மேலே தூக்கி அடிக்கும். மெர்வினின் இடது முன்கையில் முழங்கைவரை ஒரு வெள்ளைத் தழும்பு ஓடுகிறது. வாலிபத்தில் பனியில் கிடந்த கட்டி ஒன்றைத் துடைக்காமல் சட்டியில் போட்டதற்கு வந்தது. அன்றைக்குக் கண் தப்பியது. அன்றிலிருந்து ஈரம் என்றால் அவனுக்குப் பாம்பு மாதிரி. கொட்டகையில் கட்டிகள் வியர்க்கும். வீட்டுக்குள் வியர்க்காது. அதிலும் தையல் அறை வீட்டிலேயே கதகதப்பானது.

மற்றதில் அவன் சுத்தக்காரன். உருக்குவது வெட்டவெளியில். அதற்கென்று தனி உடுப்பு, தனிப் பூட்ஸ். கை கழுவாமல் ரொட்டியைத் தொட மாட்டான். கடைகளில் தோட்டா கிடைக்காமல் போன வருஷம், ஊரே அலைந்தபோது, இவன் கதவைச் சாத்திக்கொண்டு தன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கேட்டவர்களுக்குக் கொடுத்தான், அதையும் சொல்ல வேண்டும். கொடுத்துவிட்டு முகத்தில் ஒரு சிரிப்பு வைத்துக்கொள்வான். வாங்கினவனுக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது.

இப்போது நீங்கள் அவனை நம்புவீர்கள். இனி குழந்தையைக் கொண்டுவரலாம்.

5

மகள் பெயர் ட்ரீனா. பக்கத்து ஊர் மர அறுவை ஆலையில் ஷிப்ட் வேலை. கணவன் இல்லை, அவன் எங்கே என்று கேட்டால் இந்தக் கதை வேறு கதையாகிவிடும். குழந்தை ஜூனி. ட்ரீனா ஷிப்டுக்குப் போகிற நாட்களில் நெடாவிடம் விட்டுவிட்டுப் போவாள். ஜூனி தவழத் தொடங்கி, பிடித்து நிற்கிற பருவம்.

அன்றைக்கு நான் அவர்கள் சமையலறையில் இருந்தேன். எதிரே தட்டில் நெடா சுட்ட ஆப்பிள் பைப் பலகாரம், பாதி தின்றது. ட்ரீனா தனியாக வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"ஜூனிக்கு ரத்தம் எடுத்தாங்கப்பா. ஈயம் இருக்காம்."

"எங்க?"

"எங்கன்னா? அவ ரத்தத்துல!"

மெர்வின் காபிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "யார் சொன்னது? அந்தக் குடுமி போட்ட டாக்டர் பயலா?"

"குடுமி போட்டா என்ன, மொட்டை போட்டா என்ன? ரத்தம் பொய் சொல்லுமா?"

"ரத்தம் சொல்லாது. டாக்டர் சொல்லுவான். நீ இருக்கறது பழைய வாடகை வீடு. பெயிண்ட்டா இருக்கும். இல்லேன்னா குழாய்."

"ஆள் வந்து பாத்தாச்சு. சுவரைச் சொரண்டிப் பாத்தாங்க, தண்ணியப் புடிச்சுட்டுப் போனாங்க. ஒண்ணுமில்ல. 'பாப்பா வேற எங்கயாவது இருப்பாளா'ன்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்ல? எங்கப்பா ஒரு சுவர் முழுக்க ஈயம் அடுக்கி வச்சிருக்காருன்னா?"

"சொன்னியா?"

"சொல்லல."

"நல்ல பொண்ணு."

"அப்பா, என்னை நல்ல பொண்ணுன்னு சொல்லாத! இப்பச் சொல்லாத."

நெடா குழாயை மூடினாள். மெர்வின் அப்போதும் விடவில்லை.

"ட்ரீனா, நான் சொல்றதக் கேளு. கட்டி பறக்காது. அது பாட்டுக்கு இருக்கு. பாப்பா அதைக் கடிச்சாளா? கடிக்க வாயில ரெண்டு பல்லுதான் இருக்கு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாம் போகணும். ஒரு துண்டு விடாம. அது வரைக்கும் ஜூனி இந்தப் படி ஏற மாட்டா. அம்மா, நீயும் கேட்டுக்கோ."

"கேட்டேன்," என்றாள் நெடா.

ட்ரீனா போய்விட்டாள். எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அந்தச் சமயத்தில் தின்பது மரியாதை இல்லை என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். (பிறகு தின்றேன். நெடா சுட்டதாயிற்றே.)

6

அவன் சண்டை போடுவான் என்று நினைத்தேன். கதைக்கும் அதுதான் நல்லது: பிடிவாதக் கிழவன், கண்ணீர் விடும் மகள், நடுவில் நான். இரண்டு பக்கம் அப்படி எழுதியும் விட்டேன். *"என் உயிர் இருக்கும்வரை இந்த ஈயம் இந்த வீட்டைவிட்டு"* — கிழித்துப்போட்டேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்று ஹார்னை அடித்தான்.

"ஹார்லன்! உன் களஞ்சியத்துல இடம் இருக்கா?"

"எதுக்கு?"

"உன்னப் புதைக்க. ஏன்டா கேக்குற, ஈயத்துக்குத்தான்."

தூக்கினோம். தோட்டாப் பெட்டிகளில் போட்டு, வண்டி பின்பக்கம் படுத்துவிடாத அளவுக்கு ஏற்றி, போய் இறக்கி, திரும்பி வந்து மறுபடி. சோளக்கதிர்கள் பக்கம் வந்தபோதுதான் அவன் நின்றான்.

"இது நம்ம ஊர்ப் பத்திரிகை ஆபீசு மூடினப்ப வாங்கினது. இனிமே இது மாதிரி கிடைக்காது."

"எங்கயும் போகல. என் வீட்டுக்குத்தான் போகுது."

"அதான் பயமா இருக்கு. நீ எல்லாத்தையும் கலந்துருவ."

"கலக்க மாட்டேன்."

"கலந்துருவ. உன் களஞ்சியத்தப் பாத்திருக்கேன். உன் சுத்தியல் எங்க இருக்குன்னு உனக்கே தெரியாது."

அதனால் கேக்கை இடதுபக்கம், ரொட்டியை நடுவில், சோளத்தை வலதுபக்கம் என்று அவனே அடுக்கிவிட்டுத்தான் போனான். அடுத்த நாள் காலையில்தான் அந்தக் கதவு. நான் போனபோது மெர்வின் அதைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தான், கடையில் கெட்ட சாமானை வாங்கி ஏமாந்தவனைப்போல முகம்.

7

இங்கே கதை முடிந்திருக்கலாம். ஈயம் போயிற்று, குழந்தை வரும், கதவு கோணல். எழுதத் தெரிந்தவன் எவனும் இங்கேயே பேனாவை மூடிவிடுவான்.

எனக்கு ஒரு சங்கடம். நான் இதை நம்பவில்லை.

கட்டி பறக்காது என்று மெர்வின் சொன்னது சரி. வார்த்து, துடைத்து, அடுக்கி, எப்போதாவது ஒன்றை எடுப்பதைத் தவிர யாரும் கைவைக்காத கட்டியிலிருந்து ஒரு குழந்தையின் ரத்தத்துக்கு ஈயம் எப்படிப் போகும்? நானும் இந்த வேலை செய்கிறவன். கதையில் கட்டியைக் குற்றவாளி ஆக்கினால், ஈயம் தெரியாதவர்கள் தலையாட்டுவார்கள், தெரிந்தவர்கள் காறித் துப்புவார்கள். நான் இரண்டாவது கூட்டத்துக்காக எழுதுகிறேன்.

வேறு யார்மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். பெயிண்ட்? மெர்வின் தன் வீட்டுச் சுவர்களைத் தன் கையாலேயே அடியோடு மாற்றியவன். தண்ணீர்? கிணறு, பிளாஸ்டிக் குழாய். அவன் உடுப்பு? கொட்டகையிலேயே தொங்குகிறது. எழுதுகிறவனுக்கு இஷ்டமான இடத்தில் எதையும் வைக்கலாம் என்பார்கள். வைத்துப் பார்த்தேன், எதுவும் உட்காரவில்லை. கடைசியில் கதைக்காக நெடாவிடம் கேட்கப் போனேன். மெர்வின் ஊருக்குப் போயிருந்தான்.

"நெடா, அந்த ரூமை நீதான தொடைப்ப?"

"பின்ன, அவனா தொடைப்பான்?"

"தொடைக்கிற துணி கறுப்பா வருமா?"

"குளிர்காலத்துல வரும். மத்த நாள்ல வராது. ஏன்?"

"குளிர்காலத்துல மட்டும் ஏன்?"

"அடுப்புக் கரின்னு நெனச்சேன்." பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். "ஆனா அந்த ரூம்ல அடுப்பு இல்லையே. ஹீட்டர்தான."

இரண்டு பேரும் அந்த அறைக்குப் போனோம். காலியான சுவர். தரையில், சுவர் ஓரமாக, ஹீட்டரின் சூடான காற்று மேலே வருகிற இரும்புச் சல்லடை. அதைத் தாங்கலாக வைத்து, பிஸ்கட் சுடும் அகலத் தட்டுகள் இரண்டு. அதில் பொடிப் பொடியாகச் சாம்பல் நிறத்தில் என்னமோ. நாங்கள் சுவரைக் காலி பண்ணினபோது நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறேன். அது கட்டி இல்லை, அதனால் கண்ணில் படவில்லை.

"இது அந்த மண்மேட்டு ஈயம்," என்றாள் நெடா.

துப்பாக்கி சுடும் களத்தில் குறிப்பலகைக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கும். சுட்ட குண்டெல்லாம் அதில் போய்ப் புதையும். இலையுதிர் காலத்தில் மெர்வின் அதைத் தோண்டி, சலித்து, நசுங்கின குண்டுகளை அள்ளிவருவான். அலசுவான். அலசினால் ஈரம். ஈரத்தோடு உருக்க அவன் செத்தாலும் மாட்டான். எனவே வீட்டிலேயே மிகக் காய்ந்த இடத்தில், சூடான காற்று நேராக வருகிற வாயில், தட்டில் பரப்பிக் குளிர்காலம் முழுக்க உலர்த்துவான். வசந்தத்தில் உருக்குவான். அவ்வளவு ஒழுங்கு.

நசுங்கின குண்டில் ஒட்டியிருப்பது மண் மட்டும் இல்லை. உடைந்து தேய்ந்த ஈயப் பொடி. அது காய்ந்தால் மாவு மாதிரி. ஹீட்டர் ஓடும்போதெல்லாம் காற்று அதன் வழியாக வந்து அறை முழுக்கத் தூவியிருக்கிறது.

"ஜூனிக்குப் போர்வை எங்க விரிப்ப?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

நெடா சல்லடைக்குப் பக்கத்தில் தரையைக் காலால் காட்டினாள். "இங்கதான் வெதுவெதுன்னு இருக்கும்."

8

அவனிடம் அவள்தான் சொன்னாள். நான் அங்கே இருந்தேன், எழுதுவதற்காக என்று சொன்னால் அசிங்கம், ஆனால் அதுதான் உண்மை.

மெர்வின் இந்த முறை காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஈரம் இருக்கக் கூடாதுன்னுதான்," என்றான்.

"தெரியும்," என்றாள் நெடா.

"ஒரு சொட்டு இருந்தாலும்..." தன் முன்கையைத் தூக்கிக் காட்டினான், நாங்கள் அந்தத் தழும்பைப் பார்த்ததே இல்லை என்பதுபோல.

"தெரியும்டா. கையக் கீழ போடு."

அதற்கப்புறம் அவன் செய்ததை வரிசையாகச் சொல்ல மாட்டேன். தட்டும் அதில் இருந்ததும் போயின. தரை ஈரத்துணியால் துடைக்கப்பட்டது, மறுபடியும், மறுபடியும். போர்வை, தலையணை, தையல் மெத்தை, எல்லாம் குப்பைக்கு. சல்லடையைக் கழற்றி, கை எட்டுகிற தூரம்வரை குழாய்க்குள் துடைத்தான். கை எட்டாத தூரத்திலும் உதிர்ந்த பொடி இருக்கும், ஹீட்டர் ஓடினால் மேலே வரும். அந்தக் குழாய் வீட்டின் அடிவயிறு முழுக்க ஓடுகிறது.

"ஆளக் கூப்பிடு. இதுக்குன்னே மெஷின் வச்சிருக்கானுங்க," என்றேன்.

"எவனும் என் வீட்டுக்குள்ள குழாய் விட வேணாம்."

"ஏன்?"

"இங்க என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போய் ஊர் முழுக்கச் சொல்லுவான்."

"இங்க இப்ப என்னடா இருக்கு? ஒரு கோணக் கதவு இருக்கு."

இந்த இடத்தில் அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எனக்கும் வீட்டுக்குள் அந்நியர் வருவது பிடிக்காது. அதனால் கோபத்தை முழுசாகப் பட முடியவில்லை.

இதில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? ட்ரீனா கேட்டது கட்டிகளை. கட்டிகள் போய்விட்டன. 'எல்லாம் போயாச்சு' என்று அவன் சொன்னால் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பழியைக் கட்டிகள் ஏற்றுக்கொள்ளும்; அவற்றுக்கு வாய் கிடையாது. தட்டைப் பற்றிச் சொன்னால்? குழந்தைக்கு ஈயம் கொடுத்தது ஏதோ ஒரு சுவர் இல்லை, அப்பாவின் கை என்று ஆகும். குழாய் சுத்தமாகிறவரை குழந்தை வராது. அதற்கப்புறமும் வருமா என்பது ட்ரீனாவின் மனசு.

நெடா இதை என்னைவிட முன்னாலேயே கவனித்துவிட்டாள்.

"மெர்வின், நீ சொல்லணும்."

"சொல்றேன்."

"போன்ல சொல்லு. இப்பவே."

"நேர்ல சொல்றேன். போன்ல சொன்னா பாதியில வச்சிருவா."

"சரி, நேர்ல. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். அவ அந்தப் பொண்ணைக் கீழ விடறதுக்குள்ள சொல்லுவேன். ஆனா நான் சொன்னா அது வேற மாதிரி இருக்கும்னு உனக்கே தெரியும்."

9

முடிவுகள். என்னிடம் சில இருக்கின்றன. எழுதினதை எடுத்துக்கொண்டு போய் மெர்வினிடமே படித்துக் காட்டினேன், கொட்டகை வாசலில்.

ஒன்று: அவன் எல்லாவற்றையும் சொல்கிறான். ட்ரீனா அழுகிறாள், கட்டிக்கொள்கிறாள், அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈயம் குறைந்திருக்கிறது.

"இது என்ன, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையா?" என்றான்.

"பிடிக்கலையா?"

"அவ கட்டிப்புடிக்கிற ஆளா? பொறந்தப்பவே என்னை உதைச்சவ."

இரண்டு: அவன் சொல்லவில்லை. நெடா சொல்கிறாள். ட்ரீனா போய்விடுகிறாள். அவன் என் களஞ்சியத்துக்கு வந்து கட்டிகளைத் திருப்பிக் கேட்கிறான். சுவரை மறுபடி அடுக்குகிறான், கதவு மூடுகிறது.

இதைக் கேட்டு அவன் பூட்ஸ் முனையால் தரையில் கிடந்த ஆணியைத் தள்ளினான்.

"இதுல நான் ரொம்பக் கெட்டவன்."

"கதவு மூடுதே. நல்ல முடிவுதானே. படிக்கிறவங்க 'ஆகா'ம்பாங்க."

"படிக்கிறவன் எவனும் என் வீட்ல குடியிருக்கல. கிழி."

கிழித்தேன். அவன் சொன்னதற்காக இல்லை. கதவை வைத்து முடித்தால் எல்லாம் அழகாகப் பொருந்திவிடும். எதுவாவது அப்படிப் பொருந்தினால், காசு பறிபோயிற்றா என்று நான் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறவன்.

மூன்று: குழந்தை பெரியவளாகி, பல வருஷம் கழித்து, தாத்தாவை

(வேண்டாம். வளர்ந்த ஜூனியை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளை வைத்து எழுத மாட்டேன்.)

"நீயே ஒண்ணு சொல்லேன்," என்றேன் அவனிடம்.

"ட்ரீனாவுக்குச் சுவர் காலின்னு தெரியும். நாளைக்குப் பாப்பாவோட வர்றா. காலையில. வேலைக்குப் போற வழியில."

"என்ன சொல்லப்போற?"

"நீ பேனாவை உள்ள வை, அப்பறம் சொல்றேன்."

வைத்தேன். அப்புறமும் அவன் சொல்லவில்லை.

10

நாளைக் காலையைத்தான் இப்போது எழுதுகிறேன். அது இன்னும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன், தெரியாத இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன்.

ட்ரீனாவின் கார் முற்றத்தில் வந்து நிற்கிறது. நல்ல குளிர். ஜூனியைத் தடித்த நீல ஜாக்கெட்டோடு இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிறாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, பூட்ஸைக்கூடத் தட்டவில்லை. நேராகத் தையல் அறைக்குப் போகிறாள். வெறும் சுவரைப் பார்க்கிறாள். அவ்வளவு வருஷமாக மறைந்திருந்த வால்பேப்பரில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. அவள் பிறந்தபோது நெடா ஒட்டினது.

"அப்பா," என்கிறாள். குரல் மெத்தென்று ஆகியிருக்கிறது. "நெசமாவே எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு."

"ஒரு துண்டு விடாம?"

"ஒரு துண்டு விடாம. ஹார்லன் கிட்ட இருக்கு."

அவள் அவன் தோளைத் தொடுகிறாள். கட்டிப்பிடிக்கவில்லை, தொடுகிறாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிது. அந்தக் கை தோளில் இருக்கும்போது எந்த அப்பனுக்கு வாய் திறக்கும்? நான் அவனைத் திட்ட மாட்டேன். அவர்களோடு சமையலறைக்கு வருகிறேன்.

நெடா தொட்டி முன்னால் நிற்கிறாள். குழாய் ஓடவில்லை. கையில் ஒரு தட்டு, கழுவவும் இல்லை, வைக்கவும் இல்லை.

ட்ரீனா குழந்தையை மேசை விளிம்பில் உட்காரவைக்கிறாள். ஜூனி தாத்தாவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறது, அந்த வயசுக்குத் தெரிந்த ஒரே விதத்தில், முழுக்கையையும் தூக்கி. ட்ரீனா ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்துப் பாதிவரை இறக்குகிறாள்.

நிறுத்துகிறாள். அவள் வாயிலிருந்து புகை மாதிரி வருகிறது. குழந்தை வாயிலிருந்தும்.

"அப்பா, வீடு ஏன் இவ்ளோ குளிருது? ஹீட்டரை ஏன் அணைச்சு வச்சிருக்க?"

நெடா தட்டைக் கீழே வைக்கிறாள்.

எனக்குத் தெரிந்தது இதுவரைதான். அணைத்தது மெர்வின் என்பது தெரியும். விடியுமுன் எழுந்து, யாரும் சொல்லாமல், தானே போய் அணைத்துவிடுவான். இன்று சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் சொன்ன ஒரே விஷயம் அது. அணைப்பவன் சொல்லவும் செய்வான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பதை எழுதி, நடந்ததுபோல உங்களிடம் விற்க மாட்டேன். அவன் என் நண்பன் என்பதால் என் கை அவன் பக்கம் சாயும்.

உங்களுக்கு அவன் நண்பன் இல்லை. அதனால் நீங்கள் எழுதுங்கள். ட்ரீனாவின் விரல் ஜிப்பில் இருக்கிறது, பாதியில். கீழே இறக்குவதானாலும் மேலே ஏற்றுவதானாலும் சீக்கிரம் செய்யுங்கள். குழந்தைக்குக் குளிருகிறது.